ரத்தப் பரிசோதனைக்கு வந்த கதவு

"மாமா, கதவு ரத்தம் கக்குது. கொஞ்சம் வாரீகளா?"

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு வந்த போன் இது. பேசியது சபூரா. திருச்சுழியில் இருக்கும் என் பழைய சிநேகிதர் காதரின் மகள்.

நான் பதறவில்லை. ரிட்டயர் ஆன மனிதனுக்கு விடிந்ததும் விடியாததுமாக வரும் போன் இரண்டே வகை. ஒன்று துக்கச் செய்தி. இன்னொன்று இலவச ஆலோசனை. இது இரண்டாவது என்று குரலிலேயே தெரிந்துவிட்டது.

"எந்தப் பக்கம் கக்குது? உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டேன். எதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா?

"ரெண்டு பக்கமும்தான். பஸ்ஸுக்கு நிக்கிறவுக அம்புட்டுப் பேரும் நம்ம வாசலைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாக."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சபூரா மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். கணவர் கத்தாரில். ஊரான் லேபில் ஊரான் ரத்தத்தைச் சோதித்தது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, அத்தா காதர் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்குகிறாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. மிஷின் வந்து இறங்கிவிட்டது. விட்ட வேலைக்குத் திரும்பிப் போகவும் முடியாது... அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

இந்த நிலையத்தின் வாசல் கதவுதான் ரத்தம் கக்கியது.

யோசித்துப் பாருங்கள். மிட்டாய்க் கடையின் கதவு சிவந்தால் பிள்ளைகள் நக்கிப் பார்க்கும். ஜவுளிக் கடையின் கதவு சிவந்தால் அதையும் ஒரு ஃபேஷன் என்பார்கள். ரத்தம் எடுக்கிற இடத்தின் கதவு சிவந்தால்?

அந்தக் கதவின் பூர்வீகத்தைச் சொல்கிறேன்.

காதர் அருப்புக்கோட்டையில் நூலும் சாயப்பொடியும் விற்றவர். தறிக்காரர்கள்தான் வாடிக்கை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொந்த ஊரான திருச்சுழியில் வீடு கட்டினார். கதவு, நிலை, ஜன்னல், ஜன்னலைச் சுற்றி ஓடும் சட்டம் எல்லாமே ஈட்டி மரம். கேரளாவிலிருந்து லோடு வந்ததாகச் சொன்னார். கருஞ்சிவப்பு நிறம். மேலே வார்னிஷ் பளபளப்பு. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் நிலையைத் தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் டீ வரும். தடவாதவர்களுக்குச் சர்க்கரை கம்மி என்று பேச்சு.

அரசாங்கக் கட்டட வேலைகளை அளந்து, தட்டி, முகர்ந்து, குறை எழுதியே முப்பத்து நாலு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். அவர்கள் குடிபுகுந்த அன்று நானும் தடவினேன். "நல்ல ஈட்டி. முத்தின மரம்" என்று சொன்னேன். அந்தச் சான்றிதழ் என் பேரோடு இருபத்தைந்து வருடமாகத் திருச்சுழியில் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த ஈட்டிக்குத்தான் வெள்ளை அடிக்க வேண்டும் என்றாள் சபூரா.

"ஈட்டிக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா? குதிரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி" என்று குதித்தார் காதர்.

"அத்தா, உள்ள நுழையும்போதே பேய் பங்களா மாதிரி இருந்தா எவுக கையை நீட்டுவாக? லேப்புன்னா வெள்ளையா இருக்கணும். வெள்ளையா இருந்தாத்தான் சுத்தம்னு நம்புவாக."

"மாப்ளே, நீ சொல்லு. நீ படிச்சவன்" என்று என்னைப் பார்த்தார் காதர்.

ஈட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது பாவம்தான் என்றேன். ஆனால் பாவத்தைக்கூட முறையாகச் செய்யலாம் என்றேன். அன்றைக்கே ஒரு முழுத்தாளில் முறையை எழுதிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் ஊரில் கதவுக்கு எப்படிப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? டின்னைத் திறப்பார்கள். அடிப்பார்கள். அவ்வளவுதான். கதவோடு சேர்ந்து கீல், தாழ்ப்பாள், பூட்டு, சாவித்துவாரம், காலண்டர் ஆணி, வழி தவறி வந்த இரண்டு எறும்பு... எல்லாமே ஒரே நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாம் மாசம் வார்னிஷ் மேலிருந்து பெயிண்ட் அப்பளம் போல உரியும். உடனே "கம்பெனி சரியில்லை" என்பார்கள். கம்பெனி என்ன செய்யும்? வழுக்கு மரத்தில் எண்ணெய் தடவி வைத்தால் எவன் ஏறுவான்? வார்னிஷ் மேல் பெயிண்ட் நிற்பதும் அப்படித்தான்.

நான் தாளில் எழுதிய முறை இது: தாழ்ப்பாளையும் கைப்பிடியையும் கழற்ற வேண்டும். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். உப்புத்தாளால் பளபளப்பு சாகும்வரை தேய்க்க வேண்டும். மரத்தைத் தேய்க்கச் சொல்லவில்லை, பளபளப்பை. தூசியைத் துடைக்க வேண்டும். ஆணி ஓட்டைகளில் பட்டி வைக்க வேண்டும். பிரைமர் ஒரு கோட்டு. மறுபடி லேசாக உப்புத்தாள். அப்புறம்தான் இனாமல், இரண்டு கோட்டு. முதலில் நடுப்பலகை, பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு நாள். அந்த ஒரு நாளும் யாரும் வந்து "காஞ்சிருச்சா?" என்று விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் தமிழ்நாட்டில் இதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை.

பெயிண்டர் முத்தையா. பந்தல்குடிக்காரர். ஆடி மாதம் என்பதால் உடனே கிடைத்தார். ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. ஆகவே பெயிண்டருக்கும் வேலை இல்லை. இருப்பதெல்லாம் காற்றும், காற்றில் பறக்கிற கரிசல் புழுதியும்தான்.

"ஆடியிலயா கடை தொறக்கிறீக?" என்று எதிர்வீட்டில் கேட்டார்களாம்.

"ஆடின்னு சுகர் லீவு போட்டா நானும் லீவு போடுறேன்" என்றாளாம் சபூரா.

முத்தையா என் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்த்தார். ஜன்னல் சட்டம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்தார். நம் பக்கத்துக் கடைகளில் மரத்துக்கென்று கேட்டால் கொடுக்கிற பிரைமர் ரோஸ் நிறம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் கோட்டு வெள்ளை. மாலையில் சபூரா போன் செய்தாள். "மாமா, வெள்ளை லேசா ரோஸாத் தெரியுதே?"

"அடியில ரோஸ் பிரைமர் இருக்குல்லம்மா? அது தெரியத்தான் செய்யும். ரெண்டாவது கோட்டு போட்டா மூடிரும்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. முறை தெரிந்தவனுக்கு யோசிக்கிற வேலை ஏது?

திங்கட்கிழமை இரண்டாவது கோட்டு. செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குப் போன்.

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். சபூரா மிகைப்படுத்தவில்லை. வெள்ளைக் கதவு, அதில் பலகை சட்டத்தோடு சேரும் ஓரங்களிலெல்லாம் சிவப்பு ஊறி, ரேகை ரேகையாகக் கீழே இறங்கியிருந்தது. நிலையிலும் அப்படியே. ஜன்னல் சட்டத்தின் மூலைகளில் சொட்டுச் சொட்டாக. மேலே அம்புக்குறி போட்ட புது போர்டு: 'ரத்தப் பரிசோதனை நிலையம்.' விளம்பரத்துக்கு என்று செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தம் வந்திருக்காது.

எதிரே பஸ்ஸுக்கு நின்ற இருவர் பேசிக்கொண்டது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"ஏலே, கதவுக்கே இம்புட்டு எடுத்திருக்காகன்னா மனுசனுக்கு எம்புட்டு எடுப்பாக?"

"அதான் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காகள்ல. போய்ப் பாரு."

சபூராவுக்கும் அது கேட்டது. அவள் அழவில்லை. "இந்தப் பேச்சு ஒரு வாரம் சுத்துனாப் போதும் மாமா, நான் கடையைப் பூட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். ரத்தம் குடுக்கிறதுக்கே பயப்படுற ஊரு இது" என்றாள்.

காதர் முத்தையாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மதுரையில ஆளு வச்சிருக்கணும். ரோட்டோரத்துல போர்டு எழுதுறவனைக் கூட்டியாந்தா இப்படித்தான். எதைக் கலந்து தொலைச்சயோ."

"பாய், சீல் ஒடைக்காத டின்னு. நீங்கதான் பக்கத்துல நின்னு ஒடைச்சீக" என்றார் முத்தையா.

"அப்ப உன் பிரசுல இருந்திருக்கும்."

"பிரசும் புதுசு பாய்."

வெள்ளை ரோஸாகத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, இரண்டு நாளாக நடக்கிற விசாரணையாம் இது. நானும் என் பங்குக்குத் தொடங்கினேன். கழுவினாயா? கழுவினேன் சார். காயவிட்டாயா? விட்டேன் சார். எத்தனாம் நம்பர் உப்புத்தாள்? சொன்னார். சரியான நம்பர்தான். துடைத்தாயா? துடைத்தேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. எல்லாமே சரியாக இருந்தும் வேலை தப்பாக இருந்தால், தப்பு வேலைக்காரனுடையது என்று எழுதுவதுதான் அலுவலக வழக்கம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"நீ சரியாத் தேய்க்கலப்பா" என்றேன்.

முத்தையா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அதில் தின்னரைக் கொட்டினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பெயிண்ட் படாத கதவின் மேல்விளிம்பை நாலு தடவை அழுத்தித் துடைத்தார். இறங்கி வந்து துணியை என் கையில் கொடுத்தார்.

துணி கல்யாணச் சேலைச் சிவப்பில் இருந்தது.

"சார், எங்க மாமனாரு தறிக்காரரு. இந்தச் சிவப்பை எங்க வீட்டுக் கொடியில பாத்திருக்கேன். இது மரத்து நெறமும் இல்ல, பாலீஷு நெறமும் இல்ல. நூலுக்குப் போடுற சாயம்."

நான் காதரைப் பார்த்தேன். காதர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை. கரண்ட் இல்லை.

"அத்தா" என்றாள் சபூரா.

"என்னம்மா?"

"நம்ம கடைச் சாயமா?"

காதர் சொன்னார், அதுவும் ஒரு வியாபாரியின் ரோஷத்தோடு: "கெட்டிச்சாயம்மா அது. சும்மா இல்ல. இருபத்தஞ்சு வருசம் மழையில நனைஞ்சு ஒரு சொட்டுப் போயிருக்குமா, சொல்லு பாப்போம்."

"பாய், கெட்டிச்சாயம் தண்ணிக்குத்தான் கெட்டி. தின்னருக்கு இல்ல. பெயிண்டு முச்சூடும் தின்னருதான்" என்றார் முத்தையா.

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஈட்டிக்கு எதற்குச் சாயம்? கருப்பட்டிக்கு யாராவது இனிப்புப் போடுவார்களா?

"முத்தையா, இது என்ன மரம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "வேம்பு சார்."

"அது எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாளே. உப்புத்தாள் போட்டு ராவுறேன், தூசி பறந்து வாயெல்லாம் கசக்குது. வீட்டுக்காரவுக ஈட்டின்னு சொல்றாக. நீங்களும் தாள்ல ஈட்டின்னு எழுதியிருக்கீக. நடுவுல நான் யாரு சார், வேம்புன்னு சொல்றதுக்கு?"

ஆக, அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மறைத்தார். ஒருவர் மரியாதைக்குச் சும்மா இருந்தார். எதுவும் தெரியாதவர்கள் சபூராவும் நானும். அதிலும் நான்தான் நிபுணர்.

காதர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். வீட்டு வேலை நடந்தபோது கை இறுக்கம். கொல்லையில் நின்ற வேப்பமரத்தையே வெட்டி ஆசாரியிடம் கொடுத்தார். கடையிலிருந்து சிவப்புச் சாயப்பொடி இரண்டு பொட்டலம், கறுப்பு ஒரு பொட்டலம். ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினார். வந்தவர்களில் யாரோ "ஈட்டியா?" என்று கேட்டார்கள். இவர் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"அன்னைக்கு நீ வந்து 'முத்தின ஈட்டி'ன்னு சொன்னியா மாப்ளே... எனக்கே ஒரு நிமிசம் சந்தேகமாப் போச்சு" என்றார்.

நான் கையிலிருந்த சிவப்புத் துணியை மடிக்கத் தொடங்கினேன்.

சபூராவுக்கு மரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. வேறு ஒன்றில் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுக்கிட்டேதான் ரெண்டு நாளா அந்த அண்ணனைத் திட்டுனீகளா அத்தா?"

"சாயம் வெளிய வரும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"கேட்டது அது இல்ல."

காதர் கடைக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். நம் ஊரில் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை இருந்தும் வழக்கம் இல்லை; டீ வாங்கிக் கொடுத்துவிடுவோம். காதர் தரப்பில் ஒன்று, என் தரப்பில் ஒன்று, மறுபடி காதர் தரப்பில் ஒன்று என்று முத்தையா அன்றைக்கு ஐந்து டீ குடித்தார். வார்த்தையாக மன்னிப்புக் கேட்டது சபூரா ஒருத்திதான். ஒரு தப்பும் செய்யாதவள்.

ஊர் ஊராகப் பார்த்துவிட்டேன். வேம்பு நல்ல மரம். பூச்சி அண்டாது, ஒரு வீட்டை ஐம்பது வருடம் தாங்கும். ஆனால் வேம்பு என்று சொல்லி வேம்பை வைத்துக்கொள்ள நம்மில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா? தேக்கு என்போம், ஈட்டி என்போம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு 'கம்பெனியில் மேனேஜர்' என்போம். எந்தக் கம்பெனி, எதற்கு மேனேஜர் என்று கேட்டால் சீலிங் ஃபேனைப் பார்ப்போம். இதையெல்லாம் தடவிப் பார்த்து "ஒரிஜினல்" என்று சொல்வதற்கு என்னைப் போல ஒரு படித்த ஆள் ஊருக்கு ஒருவன் எப்போதும் இருப்பான்.

சரி, கதவுக்கு என்ன வழி? என் தாளில் இல்லை. முத்தையாவிடம் இருந்தது.

"அரக்கு சார். அரக்குச் சில்லை ஸ்பிரிட்டுல ஊறவச்சு ரெண்டு கோட்டு இழுத்துட்டம்னா சாயம் அதைத் தாண்டி வராது. கடுதாசியை ஒட்டி அரக்கு வச்ச மாதிரிதான். உள்ள இருக்கிறது உள்ளயே. ஸ்பிரிட்டு சட்டுனு காஞ்சுரும், சாயம் ஊறி மேல வர நேரம் இருக்காது. ஆனா அதுக்கு மேல ரோஸு பிரைமர் வேணாம். வெள்ளை பிரைமர் போடுவம். சாயம் வந்தா நமக்குத் தெரியணும்ல?"

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? முப்பத்து நாலு வருடத்தில் எனக்குத் தோன்றாத வாக்கியம் அது.

செவ்வாய் முழுக்க, கசிந்த பெயிண்டைச் சுரண்டித் தேய்த்தார். புதன் காலை அரக்கு. மதியம் மறுபடி அரக்கு. சாயங்காலம் வெள்ளை பிரைமர். வியாழன் விடிந்ததும் சபூரா டார்ச் லைட் எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பை மட்டும்தான் தூக்கி வரவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. காலையிலேயே இனாமல் அடித்தார்கள். காற்றில் புழுதி வராமல் இருக்க வாசலில் ஈரச் சாக்குக் கட்டித் தொங்கவிட்டார் முத்தையா. நான் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "காஞ்சிருச்சா?" என்று விரலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பதினொரு பேர். அதில் காதர் மூன்று முறை.

ஆனால் பேச்சுக்கு அரக்கு பூச முடியாதே? புதன்கிழமை இரவே எம்.ரெட்டியபட்டி வரை போய்விட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஓர் அம்மாள் அருப்புக்கோட்டையில் என் மனைவியிடமே சொல்லியிருக்கிறார்: "திருச்சுழியில ஒரு வீட்டுக் கதவு ரத்தக் கண்ணீர் விடுதாம். எவனோ செய்வினை வச்சுட்டானாம்."

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கே வாசலில் கூட்டம். அழைப்பிதழ் கொடுத்தது அறுபது பேருக்கு. நின்றது அதைப் போல இரண்டு மடங்கு. பால் போல வெள்ளையாக ஒரு கதவு. ஒரு புள்ளி சிவப்பு இல்லை. கூட்டத்தின் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் கேட்டே விட்டார். "ஏம்மா, ரத்தம் வடியுற கதவுன்னாக?"

நான் அவளுக்காகப் பதில் தேடுவதற்குள் சபூரா சொன்னாள். "உள்ள வாங்க தாத்தா. ரத்தம்தானே? காட்டுறேன்."

உள்ளே வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கையை நீட்டச் சொன்னாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஊசி போய்விட்டு வந்துவிட்டது. "இம்புட்டுத்தானா? வலிக்கவே இல்லையே" என்று அவர் வெளியே வந்து சொன்னதும், கதவு பார்க்க வந்த கூட்டம் வரிசையாகிவிட்டது. முதல் நாள் சலுகை வேறு. மதியத்துக்குள் ஐம்பத்து மூன்று பேர்.

கூட்டம் குறைந்ததும் சபூரா, "அத்தா, நீங்க வாங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் காதர். முத்தையாதான் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

சுகர் முன்னூற்றுப் பன்னிரண்டு. சபூரா தாளை இரண்டு முறை பார்த்தாள்.

"இது எப்பருந்து அத்தா?"

"ரெண்டு வருசமா இருக்கு" என்றார் காதர். பிறகு எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே கேட்டார்: "பாத்தாத் தெரியலைல்ல?"